ஆடுகிற பல்லும் ரஹீமும்

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
9-8-1953

அன்புள்ள மச்சான் வால்டருக்கு சிலுவைமுத்து எழுதுவது. உன் அக்காள் ஆலிஸும் பிள்ளைகளும் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஆலிஸுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே, கீழே இருக்கிற டீக்கடை விலாசத்துக்குப் போடு.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சாப்பிட்டு முடித்துப் பல் இடுக்கில் பட்டுநூல் விட்டு இழுத்தாய். பம்பாயில் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்ததும் துரைக்கு வாயிலேயே தையல் வேலையா என்று நான்தான் கேலி செய்தேன். மாமா, உன் ஈற்றில் ரத்தம் கசிகிறது, நீயும் தினம் செய் என்றாய். கேட்டேனா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது கீழ்வரிசை முன்பல் இரண்டும் ஆடுகின்றன. என் பிழைப்பே அந்தப் பல்லில்தான் என்று உனக்குத் தெரியும். கப்பல் மேல்தளத்தில் நின்று, பல்லில் நாக்கை அழுத்தி நான் விசில் அடித்தால்தான் பாரம் தூக்குகிற விஞ்ச் டிரைவர் மூட்டையை இறக்குவான், நிறுத்துவான். ஊதல் வாங்கிக்கொள் என்று எழுதாதே. அங்கே பத்துப் பேர் ஊதுகிறார்கள். என் விசில்தான் அவனுக்குத் தனியாகக் கேட்கும். அது போய்விட்டது என்று தெரிந்தால் மேஸ்திரி அன்றைக்கே என்னை அனுப்பிவிடுவான்.

நீ செய்ததை நினைத்துக்கொண்டு கோணி தைக்கிற நூலை எடுத்து ரம்பம் போல இழுத்தேன். ஈறு கிழிந்து வீங்கிவிட்டது. இரண்டு நாள் கஞ்சிதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நிறுத்தச் சொல்லி விசில் அடித்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பன்னிரண்டு மூட்டை கோதுமை, கீழே மூட்டை வாங்க நின்ற எங்கள் கூட்டாளி ரஹீம் தலைக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டிக் கத்தியதில் அவன் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. ரஹீம் ஏறி வந்து, எங்க அண்ணாத்த விசிலு உன் காதுல வுயலியாடா கஸ்மாலம் என்று விஞ்ச் டிரைவர் சட்டையைப் பிடித்தான். பிறகு என்னிடம் திரும்பி, நீ மேல நிக்கசொல்ல எனக்கு இன்னா பயம் அண்ணாத்தே என்றான். நான் வாயைத் திறக்கவில்லை மச்சான். அந்த டிரைவர் பாவி திட்டு வாங்கிக்கொண்டு நின்றான்.

அந்தப் பட்டுநூல் ஒரு சுருள் உடனே அனுப்பு. நீ சொன்னதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஒரு முழம் நூலை இரண்டு கை நடுவிரலிலும் சுற்றி, அறுக்காமல் மெல்ல இறக்கி, பல்லை அணைத்தாற்போல் ஈறு ஓரம் வரை விட்டு மேலும் கீழும் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு இடுக்குக்கும் நூலின் புது இடம். சரிதானா? இனிமேல் அப்படிச் செய்தால் ஆடுகிற பல் நிற்குமா? உன் டாக்டரைக் கேட்டு உள்ளதை எழுது. என் மனசுக்காகப் பொய் எழுதாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள், பதில் வர மூன்று நாள் ஆகும். எனக்கு நாளை காலை ஆறு மணிக்கு வேலை. கோயிலுக்குப் போனால் எனக்காக ஒன்றும் கேட்காதே. உன் பதில் வந்து சேருகிற வரைக்கும் ரஹீமுக்காக வேண்டிக்கொள்.

உன் அக்காள் புருஷன்,
சிலுவைமுத்து