நாலாவது ஓம்

பெப்ரவரி 3

இன்றும் பதினாறு அறை. குளியல்தொட்டி தேய்க்கக் குனிந்தால் எழும்ப இரண்டு கையும் சுவரும் வேண்டும். பல்லரோ சந்தைத் தமிழ்க் கடையில் வாங்கிய எண்ணெய் மணக்கிறது, அவ்வளவுதான். முழங்கால் வீங்கியபடியே இருக்கிறது.

எங்கள் ஹோட்டலின் கொவெர்னான்தே ஓய்வு பெறுகிறார். அறைகளுக்குப் பொறுப்பானவர். கையில் சாவிக்கொத்தும் பட்டியலும், பார்வையிடுவார், தேய்ப்பதில்லை. அந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதினான்கு வருடம் தேய்த்தாயிற்று.

ஆளைத் தெரிவு செய்யப்போவது கம்ப்யூட்டராம். "அதற்கு நிறம் தெரியாது, நாடு தெரியாது. எல்லாரும் சமம்" என்றார் மனேஜர் சிஞ்ஞோரா நுன்சியா. நல்லது. நிறம் தெரியாத ஒன்றை இந்த ஊரில் முதன்முதலாகச் சந்திக்கப்போகிறேன்.

பெப்ரவரி 11

டேப்லெட் முன்னால் ஏழு கேள்வி. ஞாயிறு வேலை செய்வீர்களா, கோபக்கார விருந்தினரைச் சமாளிப்பீர்களா. ஏழுக்கும் "ஓம்" என்று தொடங்கித்தான் பதில் சொன்னேன். இத்தாலியனில் அதற்கு "சீ" என்று சொல்லவேண்டும். இத்தனை வருடமாகியும் மரியாதைக்குரிய ஒருவரின் முகத்துக்கு நேரே "சீ" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இன்று மெஷினுக்கும் மரியாதை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பெப்ரவரி 20

முடிவு வந்தது. தலைமைத் தகுதி: குறைவு. "ஆனால் ஆழ்ந்த ஆன்மீக ஈடுபாடு. பேச்சுக்கிடையே மந்திரம் ஓதுகிறார். தியான இடம் ஒதுக்குவது நல்லது."

சிரிப்பதா அழுவதா? விரிப்புகள் வைக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

பெப்ரவரி 24

இனி அங்கே அழவும் முடியாது. அதுதான் தியான அறை. பாய், மின்சார மெழுகுதிரி, மூலையில் எனக்கென்றே ஒரு புத்தர் சிலை!

"ஊரிலை ஆமி சந்திக்குச் சந்தி வைச்ச சிலைக்குப் பயந்து ஓடி வந்தாய், அது பின்னாலையே வந்திட்டுது, ரதி." சமையலறைச் சுவாம்பிள்ளை அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

விரிப்புகள் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டன. முழங்காலுக்கு இன்னும் இருபத்திரண்டு படி. தியான அறையைத் துடைப்பது யார்? நான்தான்.

மார்ச் 4

சொல்லிவிட்டேன். ஓம் மந்திரம் இல்லை சிஞ்ஞோரா, எங்கள் ஊரில் சும்மா "ஆம்". அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாகுபாடா? நாங்களா?" என்று உடனே மெஷின் கம்பனிக்குப் போன் எடுத்தார். பாவம், நல்ல மனுசி.

மார்ச் 13

திருத்திவிட்டார்களாம். "ஓம்" இனி அதன் காதில் விழாது, இரைச்சல் என்று வெட்டிவிடும். மறுபடியும் அதே ஏழு கேள்வி. வழியெல்லாம் "சீ, சீ" என்று பழகிக்கொண்டுதான் போனேன் — வாய் கேட்டால்தானே. பாதிக்கு மேல் வெறும் "ஓம்"தான் வந்தது.

முடிவு: விண்ணப்பதாரி ஐந்து கேள்விகளுக்குப் பதிலளிக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மார்ச் 21

மெஷினுக்கு ஓம் படிப்பிக்க எங்களையே கூப்பிட்டார்கள். நான், சுவாம்பிள்ளை அண்ணை, புதிதாய் அறை வேலைக்கு வந்த ஆரணி. "நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். என்ரை ஓமுக்கும் சிலை வைப்பினமோ?" என்றார் அண்ணை.

சிஞ்ஞோரா எழுதிக்கொண்டே வந்தார். முதலாவது, சம்மதம். இரண்டாவது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ. மூன்றாவது, அப்படியோ, நம்பமுடியவில்லையே. நாலாவதை ஆரணி சொன்னாள். தலையைக் குனிந்து, இழுத்து, "ஓ...ம்."

"இது என்ன?"

"முடியாது. ஆனால் முடியாது என்று சொல்லப் பயம். அந்த ஓம்" என்று நான் விளக்கினேன்.

சிஞ்ஞோரா பேனாவை வைத்தார். "கூடுதல் அறை செய்வாயா என்று நான் கேட்கும்போதெல்லாம் ஓம் என்பாயே, ரதி. அது எத்தனையாவது?"

மெஷின் பதிவு செய்துகொண்டிருந்தது.

"நாலாவது."

பதினான்கு வருடம்! ஆரிலை எனக்குக் கோபம் — கேட்ட அவவிலையோ, ஓம் ஓம் எண்டு தலையாட்டின என்னிலையோ?

மார்ச் 22

சிஞ்ஞோரா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைக் கொடுத்துக் கெட்டேன்.

மார்ச் 31

சிஞ்ஞோரா டேப்லெட் இல்லாமல் வந்தார். கேள்வியும் ஒன்றுதான். கொவெர்னான்தே வேலையை எடுப்பாயா?

"ஓம்."

"எத்தனையாவது?"

"முதலாவது."

ஏப்ரல் 17

ஈஸ்டர் கூட்டம். மூன்றாம் மாடியில் நாலு அறை கூடுதல். "செய்வியோ, பிள்ளை?" என்று ஆரணியைக் கேட்டேன். "ஓ...ம் அக்கா" என்றாள். அவள் பெயருக்கு நேரே இருந்த நாலையும் வெட்டினேன்.

பட்டியலோடு சிஞ்ஞோராவிடம் போய் இன்னோர் ஆள் வேண்டும் என்றேன். கட்டாயமா என்று கேட்டார்.

"சீ" என்றேன். முகத்துக்கு நேரே.