கனகாவின் மன்னிப்பு

மார்ச் 12, புதன்

நீதிமன்றத்திலிருந்து நன்னடத்தை அதிகாரி வந்தார். என் வளையலைத் திருடிய வேலைக்காரப் பெண் கனகாவும் கூட வந்தாள். வயது பத்தொன்பது, முதல் குற்றம். நான் எதிர்க்காவிட்டால் சிறையில்லாமல் விடுவார்களாம்.

கனகா மன்னிப்புக் கேட்டாள். கான்வென்டில் நாங்கள் ஒப்பித்ததைப் போல, ஒரு பிழையில்லை. நான் நம்பவில்லை.

“யாரு சொல்லிக் கொடுத்தது?”

“இந்த ஆபீசர் சாருதாம்மா.”

“உன் மனசுல என்ன இருக்கு?”

“மொதல்ல காணாப்போன மோதிரத்த நா எடுக்கலம்மா. திருடின்னு ஊரெல்லாம் சொன்னீங்க. எப்படியும் திருடிதானேன்னு அப்பால வளையல எடுத்தேன்.”

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மோதிரத்தைச் சமையலறையில் சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்து மறந்தது நான்தான். அது கிடைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பின் ஏன் அவள் போகும்போது சமையலறைப் பக்கம் பார்த்தாள்?