இந்தக் கவரில் சீட்டு இல்லை

ஹட் பே
3.2.2010

கர்த்தருக்குள் பிரியமான மகள் விஜயகுமாரிக்கு, அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளை பாலகுமாரும் குட்டி உதயாவும் சுகமா இருப்பீங்கன்னு எழுதித்தான் எப்பவும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரமாட்டேங்குது. நீ சுகமா இல்லைன்னு எனக்குத் தெரியும். நான் சுகமான்னு நீ கேட்டா, சாப்பிடுறேன், தூங்குறேன், முழங்கால் வலிக்குது, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு இருந்த தகர ஷெல்டரை விட்டு சர்க்கார் கொடுத்த புது வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வெயில்ல ஷெல்டர் மாதிரி வேகலை, மழைக்கு ஒழுகலை. ஆனா கடல் சத்தம் இங்கே கேட்காது, அதனாலயே ராஷன் கடைக்குப் பக்கத்துல இருந்த பழைய இடத்தை விட இது எனக்குப் பிடிச்சிருக்கு. போன்ல பேசலாமேன்னு நினைப்பே. ரெண்டு தடவை பண்ணினேன். நீ எடுத்ததும் ஸ்தோத்திரம் அப்பான்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னே, தேங்காய் விலையைப் பேசிட்டு வெச்சிட்டேன். அதான் எழுதுறேன். உட்கார்ந்து பொறுமையா படி. கோபம் வந்தா வரட்டும், ஆனா கடைசி வரைக்கும் படிச்சிடு.

உன் கடிதம் போன மாசக் கடைசியில கிடைச்சது. நெஞ்சுப் பக்கத்துல கட்டி இருக்குன்னும், டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாருன்னும், ஆனா புது வருஷத்துக்கு நான் அனுப்பின வாக்குத்தத்தச் சீட்டுல சுகம் தருவேன்னு வசனம் வந்ததால ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன்னும் எழுதியிருந்தே. கர்த்தர் உங்க கையால பேசிட்டார், நீங்க சொன்னா சரிதான் அப்பான்னு முடிச்சிருந்தே. அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் பேப்பரை மடிச்சு வெச்சிட்டேன், ஒரு நாள் முழுக்க அதைத் தொடவே இல்லை. ஏன்னு பிறகு சொல்றேன். போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணினார். அவ்வளவு பெரிய ஆம்பிளை விக்கி விக்கி அழுதார் மகளே. டாக்டர் இன்னும் காலம் தாண்டலைன்னு சொல்றாராம், பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமைக்கு உனக்குன்னு இடம் பிடிச்சு வெச்சிருக்காராம், அதையும் விட்டுட்டா வேற இடத்துக்கெல்லாம் பரவிடும்னு பயப்படுறாராம். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கமாட்டேங்குறா மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாங்கிறார். அவருக்கு என்ன தெரியும். நான் சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தானே நீ இப்படி உட்கார்ந்திருக்கே. அப்பாவா இருந்துகிட்டு இந்த வியாதியைப் பத்தி உனக்கு எழுத எனக்கு வெட்கமா இருக்கு, உன் அம்மா அன்னம்மாள் இருந்தா அவ பக்குவமா பேசியிருப்பா. அவ இல்லாததுக்கும் நான்தான் காரணம். அதையும் இதுல எழுதத்தான் போறேன்.

முதல்ல சீட்டை முடிச்சிடுறேன். நம்ம சபையில புது வருஷத்துக்குத் தட்டுல வசனச் சீட்டு வெச்சு ஆளுக்கு ஒண்ணு எடுக்கிறது உனக்குத் தெரியும். அச்சடிச்ச சீட்டு கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள பொங்கல் ஆயிடும்னு, நான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல கூலியாட்களுக்கு மேட்டா இருந்த காலத்துலேயே பழைய காலண்டர் அட்டையை வெட்டி என் கையாலேயே எழுத ஆரம்பிச்சேன். சுனாமிக்குப் பிறகு நிவாரண பிஸ்கட் பெட்டி அட்டையில எழுதினேன். வருஷத்துக்கு நூத்தி இருபது சீட்டு. சின்ன வயசுல நீதான் ஓரத்துக்குச் சிவப்பு மை போடுவே. அந்த நூத்தி இருபதுக்கும் வசனம் பொறுக்கினது யார்? நான். ஆசீர்வாதம், சமாதானம், சுகம், பாதுகாப்பு, இதை மட்டும்தான் பொறுக்கினேன். வேதத்துல எச்சரிக்கிற வசனம் எவ்வளவு இருக்கு, கண்டிக்கிற வசனம் எவ்வளவு இருக்கு, ஒண்ணைக்கூட எழுதலை. வருஷத்தோட முதல் நாள் ஜனங்க முகம் சுருங்கிடக்கூடாதே. ஞானம் குறைவா இருந்தா தேவனிடத்துல கேளு, தருவார்னு ஒரு வசனம் இருக்கே, அதைக்கூட ஒரு வருஷமும் எழுதினதில்லை. கேட்கணும், யோசிக்கணும், நாலு பேர்கிட்ட விசாரிக்கணும், எழுந்து நடக்கணும், அதுல வேலை ஜாஸ்தி, ஜனங்க அதை விரும்பமாட்டாங்கன்னு விட்டுட்டேன். அந்தத் தட்டுல கையை விட்டு யார் எதை எடுத்தாலும் நல்லதுதான் வரும் மகளே. கெட்டதை நான் போடவே இல்லை.

அதுலயும் உன் சீட்டு அப்படித் தற்செயலா வந்ததுகூட இல்லை. உனக்குக் கட்டி இருக்கிற விஷயம் நீ எழுதுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், மாப்பிள்ளை டிசம்பர்லேயே உனக்குத் தெரியாம எங்கிட்ட சொல்லிட்டார். புது வருஷத்தன்னிக்கு உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணித் தட்டுல கை விட்டேன். உன் களஞ்சியம் நிரம்பும்னு வந்தது. இது என்னத்துக்குன்னு திரும்பப் போட்டேன். ரெண்டாவது எடுத்தேன், வேற என்னமோ. மூணாவதும் சரியில்லை. அப்புறம் கண்ணைத் திறந்து வெச்சுகிட்டே தட்டைக் கிளறி, சுகம் தருவேன்கிற சீட்டைத் தேடி எடுத்துக் கவர்ல போட்டு ஒட்டினேன். பயம் மகளே. ஒரே பிள்ளை நீ, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர்ல இருக்கே, நான் வேற என்ன அனுப்ப முடியும்னு நினைச்சேன். அதைக் கையில பிடிச்சுகிட்டு நீ டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லுவேன்னு என் மரமண்டைக்கு எட்டலை. நீ கர்த்தர் பேசினார்னு நினைச்சுகிட்டு இருக்கியே, அது உன் அப்பன் பண்ணின கள்ள வேலை.

இப்ப அம்மா விஷயம். அஞ்சு வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. அந்த டிசம்பர்ல நீ போர்ட் பிளேர்ல டெய்ரி ஃபார்ம் பக்கம் இருக்கிற அத்தை வீட்டுல இருந்து படிச்சுகிட்டு இருந்தே, நீ கப்பல் பிடிச்சு வந்து சேர்ந்தப்ப மண் மேட்டைத்தான் பார்த்தே. அம்மா ஆராதனைக்குப் பாய் விரிக்கக் கோயிலுக்குள்ள போனா, தண்ணி வந்துடுச்சு, கர்த்தர் தம்முடைய ஆலயத்துலேயே அவளை எடுத்துக்கிட்டார்னு நான் உங்கிட்ட சொன்னேன். மெயின்லேண்ட்ல இருந்து வந்த சபைக்காரங்க முன்னாடியும் அதையே சாட்சியா சொன்னேன், எல்லாரும் அழுதாங்க, அதுக்கப்புறம்தான் என்னை மூப்பராவும் ஆக்கினாங்க. அது பொய் இல்லை, பாதி. மீதியைக் கேளு.

அன்னிக்குக் காலையில பூமி ஆடி நின்னதும் நாங்க கோயில் வாசல்ல நின்னோம். சுவத்துல இருந்த கடிகாரம் விழுந்து உடைஞ்சிருந்தது, வேற ஒண்ணும் ஆகலை. அம்மாவுக்கு மனசே சரியில்லை. கடல் பார்க்க நல்லா இல்லைங்க, வாங்க மேட்டுப் பக்கம் போயிடலாம்னா. அந்த நேரம் எதிர்க்கடை அழகர்சாமி ரெண்டு பிள்ளையையும் இடுப்புல ஒண்ணு தோள்ல ஒண்ணுமா தூக்கிகிட்டு ஓடினான். ஓடும்போதே எங்களைப் பார்த்து தம்பையாண்ணே, தண்ணி உள்வாங்குது, பாகோ பாகோ, ஓடுங்க ஓடுங்கன்னு கத்தினான். திருப்பத்துல நின்னு இன்னொரு தடவையும் கூப்பிட்டான். எனக்குக் கோபம் வந்தது. எதுக்குன்னு கேளு. அந்த வருஷம் நம்ம வீட்டுக்கு வந்த சீட்டு, தண்ணியைக் கடந்தாலும் கூடவே இருப்பேன்கிற வசனம். அதையே வீட்டு வாசல்ல ஒட்டியும் வெச்சிருந்தேன். திருநீறு பூசுறவன் ஓடுறான்னு நாமளும் ஓடினா நம்ம விசுவாசம் என்னாத்துக்கு, நமக்கு வாக்குத்தத்தம் இருக்கு, பேசாம உள்ளே போய்ப் பாயை விரி, ஜனங்க வர்ற நேரமாச்சுன்னு அவகிட்ட சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. நீங்க சொன்னா சரிதான்னு சொல்லிட்டு உள்ளே போனா. அதுதான் அவ என்கிட்ட கடைசியா பேசினது. அதே வார்த்தையை நீ இப்ப எழுதி அனுப்பியிருக்கே.

இன்னும் இருக்கு. தண்ணி கருப்பா கப்பல் ஜெட்டிப் பக்கம் எழும்பினதை நான் வாசல்ல நின்னு பார்த்தேன். பார்த்ததும் ஓடினேன். வசனமும் ஞாபகம் வரலை, அம்மாவும் ஞாபகம் வரலை. உள்ளே அவ இருக்கான்னு கூப்பிட்டு ஒரு சத்தம் கொடுத்தேனான்னு எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன், கொடுத்த மாதிரி ஞாபகம் இல்லை. விசுவாசத்தோட இருன்னு அவளை உள்ளே அனுப்பினவன் விழுந்தடிச்சு மேட்டுல ஏறினேன். அங்கே அழகர்சாமிதான் என் கையைப் பிடிச்சு மேலே இழுத்தான். அண்ணி எங்கேண்ணேன்னு கேட்டான். நான் தள்ளிப் போய் உட்கார்ந்துட்டேன், அவனும் அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் கேட்கலை. சபையில எல்லாரும் என்னைத் தேவ மனுஷன்னு சொல்றப்ப அவன் கடையில உட்கார்ந்து வெங்காயம் நிறுத்துகிட்டு இருப்பான், என் முகத்தைப் பார்க்கமாட்டான்.

இத்தனைக்கும் பிறகு எதுக்குப்பா திரும்பவும் சீட்டு எழுதினீங்கன்னு கேட்பே. ஷெல்டர்ல ஜனங்க வந்து ஒரு வார்த்தை கொடுங்க ஐயான்னு கையைப் பிடிச்சு அழுதாங்க. இல்லைன்னு சொன்னா ஏன்னு சொல்லணும். சொல்ல தைரியம் இல்லாம எழுதிக் கொடுத்துகிட்டே இருந்தேன். இப்ப எனக்கு ஜெபம் வர்றதில்லை மகளே. முழங்கால் போடுறேன், வாய் அசையுது, மேல போய்ச் சேருதான்னு தெரியலை. தேவ சித்தம் என்னன்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தவனுக்குத் தன்னை எதுக்கு மிச்சம் வெச்சார்னு இன்னும் புரியலை. உன் கடிதம் வந்த பிறகு ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறேன், எனக்குக் கொஞ்சம் புத்தியைக் கொடும், என் பிள்ளையைக் காப்பாத்துற அளவுக்காவது கொடும்னு. பதில்னு எதுவும் வரலை. ஆனா கேட்டு முடிச்சு எழுந்தப்ப ஒரு விஷயம் தோணிச்சு. அன்னிக்குக் கர்த்தர் எங்களோட பேசாம இல்லை. பூமியை ஆட்டிப் பேசினார், அம்மா மனசைக் கலக்கிப் பேசினார், அழகர்சாமி வாயால ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். நான்தான் என் கையெழுத்தைக் காட்டி அவர் வாயை அடைச்சேன். இது சரியோ தப்போ, என் மனசைத் தேத்திக்க நானே சொல்லிக்கிறேனோ, அதுவும் தெரியலை. பாஸ்டரிடம் போன வாரம் எல்லாத்தையும் சொல்லிட்டேன், மூப்பர் பொறுப்பையும் விட்டுட்டேன். மீதிச் சீட்டையெல்லாம் அடுப்புல போட்டேன், சோறு கொஞ்சம் புகை நாத்தம் அடிச்சது.

நீ விசுவாசத்தை விட்டுடுன்னு நான் எழுதலை, அப்படி நினைச்சுடாதே. என்னுடையது கிழிஞ்சு கிடக்கு, உன்னுடையதாவது நல்லா இருக்கட்டும். ஆனா அது என் பிஸ்கட் அட்டை மேல நிக்கக் கூடாது. வேதத்தை எடுத்தா முழுசா படி, பிடிச்ச வரியை மட்டும் பிய்ச்சு எடுக்காதே. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட பத்துக் கேள்வி கேளு, இன்னொரு டாக்டரையும் கேளு, மாப்பிள்ளை சொல்றதைக் காது கொடுத்துக் கேளு. அவர் அழுதது உன்னை இழந்துடுவோமோங்கிற பயத்துல, விசுவாசக் குறைச்சல்ல இல்லை. உனக்குக் கர்த்தர் என்ன நோக்கம் வெச்சிருக்கார்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு இனி சொல்லவும் மாட்டேன். ஆனா உதயாவுக்கு மூணு வயசு, அவளுக்குத் தலை பின்னி விடணும், அது போதாதா. அம்மா இல்லாத பிள்ளையா வளர்றது எப்படின்னு உனக்குத் தெரியாதா மகளே. ஆபரேஷன் முடிஞ்சா ராத்திரியே சுகமாயிடும்னும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். வலிக்கும், முடி கொட்டும்னு சொல்றாங்க, பயமாத்தான் இருக்கும். நானும் அடுத்த கப்பலுக்கு டிக்கெட் கேட்டிருக்கேன், கிடைச்சா வந்து சேருவேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் பரவாயில்லை, ஒரு மூலையில உட்கார்ந்து உதயாவைப் பார்த்துக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் தம்முடைய சிறகுக்குள்ள வெச்சுக் காப்பாராக. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் பெத்தவன் வேற எப்படி முடிப்பான். பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மறந்துடாதே. முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துடணும்னு மாப்பிள்ளை சொன்னார். கவரைத் தலைகீழாக் கொட்டிப் பார்ப்பே, எனக்குத் தெரியும், சின்னதுல இருந்தே அப்படித்தான். சீட்டு இல்லை மகளே, தேடாதே. இதைத் தபால்ல போட எனக்கு மனசு வரலை, தேதிக்கு முன்னாடி கிடைக்கணுமே. அழகர்சாமி ஆறாம் தேதிக் கப்பல்ல சென்னைக்குச் சரக்கெடுக்கப் போறான். அவன்கிட்ட கடைத் திண்டுல உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லி அழுதேன், கோயம்புத்தூர் வரைக்கும் ரயில் ஏறிப் போய் நானே அவ கையில கொடுக்கிறேண்ணேன்னு வாங்கிக்கிட்டான். இதை நீ படிக்கிறப்ப உன் வாசல்ல நிக்கிறது அவன்தான். அவனை உள்ளே கூப்பிட்டு டீ கொடு. அன்னிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டும் நாங்க வரலை. மூணாவது தடவை கூப்பிட உன் வீட்டுக்கே வந்திருக்கான், ஓடிடு மகளே.

அம்மாவை உள்ளே அனுப்பின
உன் அப்பா
தம்பையா