என் பூட்டனாரின் கல்லறையில் வேறொருவர் பெயர்

அனுப்புநர்:
மெஹர் நிஷா ஹாமித்,
சுகர்லேண்ட், டெக்ஸஸ்.

பெறுநர்:
டாக்டர் விசாலாக்ஷி அவர்கள்,
தலைவர், அறங்காவலர் குழு,
பொருநைத் தமிழ் மன்றம், ஹூஸ்டன்.

பொருள்: என் பூட்டனாரின் பெயரை மாற்றிக் கல் நட்ட மன்றச் செயலாளர் திரு. கஸ்தூரிரங்கன் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் பாட்டனாரின் தந்தை கீழக்கரை நெய்னா முகம்மது, 1909-இல் மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுச் சரக்குக் கப்பல் ஏறியவர். கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார், திரும்பவில்லை. அந்தக் கைக்குழந்தைதான் என் பாட்டனார்.

2. நான் ஹூஸ்டனுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவரைத் தேடினேன். 'முகம்மது' என்றே தேடியதால் வருடக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. இங்குள்ளவர்கள் நெய்னாவை 'நைனா' ஆக்கி, அதையே குடும்பப் பெயராக வைத்துவிட்டது பிறகுதான் புரிந்தது. கால்வெஸ்டனில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர் இருந்தார். திருமதி எர்லீன் நைனா, ஓய்வுபெற்ற நர்ஸ், கறுப்பினப் பெண்மணி. என் பூட்டனார் இங்கே செய்துகொண்ட திருமணத்தின் வழியில் வந்த பேத்தி. தாத்தாவின் பெயரே 'வாப்பா' என்று அவர் அதுநாள்வரை நம்பியிருந்தார். அது பெயரல்ல, அப்பா என்று அர்த்தம் என நான் சொன்னதும் இருவருமே போனில் அழுதோம்.

3. அந்த மகிழ்ச்சியில், ஹில்கிராஃப்ட் தெரு உணவகம் ஒன்றில் சந்தித்த திரு. கஸ்தூரிரங்கனிடம், எர்லீன் எனக்குக் காட்டிய பெயர்க்கல் இல்லாத கல்லறை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மன்றத்தின் விழா மலருக்கென்று அவர் கேட்டதால், எர்லீனிடம் இருந்த ஒரே குடும்பப் படத்தின் பிரதியையும் கொடுத்தேன்.

4. மலர் வெளிவந்தபோது, இங்கு முதலில் குடியேறிய தமிழர் என்ற தலைப்பின் கீழ் என் பூட்டனார் 'கிட்டுசாமி' ஆகியிருந்தார், திரு. கஸ்தூரிரங்கனின் பெரிய பாட்டனாராகவும் ஆகியிருந்தார். படத்தில் பக்கத்தில் நின்ற மனைவியும் பிள்ளைகளும் வெட்டப்பட்டிருந்தார்கள். மனைவியின் கை மட்டும் அவர் தோளில் மிச்சம் இருந்தது. கால்வெஸ்டன் கல்லறையில் 'கிட்டுசாமி' என்று பளிங்குக் கல்லும் நட்டாகிவிட்டது.

5. நேரில் போய்க் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "முகம்மதுன்னு போட்டா இப்ப இருக்கிற நிலைமையில ஒரு ஸ்பான்சரும் வர மாட்டான்மா. அப்புறம் அந்தக் கறுப்பு லேடி வேற... நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

என் பூட்டனார் எங்களைக் கைவிட்டுப் போனவர்தான். அதற்காக அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டு, எங்களைப் பற்றி மறைத்ததற்காக எர்லீனுக்கும் உண்டு. அவர் பெயரை எடுத்துக்கொள்ள இவர் யார்?

6. வாரிசு என்ற முறையில் எர்லீன் கல்லறை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, சென்ற வாரம் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டோம். அது இப்போது என் கராஜில் கிடக்கிறது. திரு. கஸ்தூரிரங்கன் மூன்று முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

ஆகவே, ஜனவரியில் நடக்கும் பொங்கல் விழா மேடையில் அந்தக் கல்லை வைத்து, கிட்டுசாமி யார் என்பதைத் திரு. கஸ்தூரிரங்கன் தம் வாயாலேயே அனைவருக்கும் விளக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். எழுதிக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். முழுப் படத்தையும் திரையில் காட்டி, எர்லீனை மேடைக்கு அழைத்து, "நெய்னா முகம்மதுவின் பேத்தி" என்று ஒலிபெருக்கியில் அவரே அறிமுகம் செய்ய வேண்டும். அப்போது அவர் குரல் நடுங்குவதை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் அங்கே இரண்டு இருக்கைகள் ஒதுக்கித் தாருங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
மெஹர் நிஷா ஹாமித்
(ஒப்பம்)

இடம்: சுகர்லேண்ட்
நாள்: 18.12.2006