மூன்றாவது வரி

அக்காவுக்கு,

பெங்களூர் பீன்யாவில் உன் ஃபேக்டரி வாசலுக்கே பேங்க்காரர்கள் வந்து விசாரித்தார்களாம், மாமா சொன்னார். அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம், இதை மட்டும் படி.

நீ ஜாமீன் கையெழுத்துப் போட்ட லோனில் நான் நாலு தவணை கட்டாமல் விட்டேன். சிபில் கிரெடிட் ஸ்கோர் விழுந்தது, அடுத்த லோனுக்குப் போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். முப்பது நாளில் ஸ்கோரைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் பன்னிரண்டாயிரம் கட்டினேன்.

அங்கிருந்தவன் பேங்குக்கு அனுப்ப ஒரு புகாரை டைப் செய்து நீட்டினான். "சைன் பண்ணுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டி. யாரும் படிக்க மாட்டாங்க" என்றான். போட்டேன். இப்போது அந்த ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது.

லோன் வாங்கியது நான்தான், புகார் பொய் என்று இன்று பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஒழுங்கா தவணை கட்டினாதான் ஸ்கோர் ஏறும்மா, வேற வழியில்ல" என்றார் மேனேஜர். காசு வாங்காமல் சொன்னார்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை அக்கா. 'எனக்குத் தெரியாமல் என் ஆதாரை எடுத்து என் அக்காதான் இந்த லோனை வாங்கினார்' என்று மூன்றாவது வரியில் இருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நீ ஜாமீன் நின்ற
உன் தங்கை