சபை மண்டபத்தில் ஒரு பிரசவம்

5-11-1972, ஞாயிறு. கிழக்குத் தாம்பரம்

கோயிலில் என் மகள் கிருபாவின் கல்யாண ஓலை முதல் முறை வாசித்தார்கள். "தடை சொல்ல யாரேனும் உண்டோ?" என்று போதகர் கேட்டபோது பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி வாசித்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை ஜெபசீலனும் இதே சபைதான்.

மாலையில் சாமுண்டீஸ்வரியும் தயாளனும் வந்தார்கள். பெருங்களத்தூரில் ஒரு ஷெட்டில் படம் வரைகிறவர்கள். அவள் என் பழைய மாணவி. கண்காட்சிக்குச் சபை மண்டபம் வேண்டுமாம். "இயேசு பிறக்கிற நேரம், டீச்சர். எட்டடிப் படம்." விண்ணப்பத்தில் 'கிறிஸ்து பிறப்புச் சித்திரம்' என்று எழுதி, பொறுப்பாளராகக் கையெழுத்தும் போட்டேன். படத்தைப் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டில், நட்சத்திரம், ஆட்டுக்குட்டி — வேறென்ன இருக்கப் போகிறது?

12-11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை இல்லை.

15-11, புதன்

மண்டபத்தில் படத்தை மாட்டிவிட்டார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். மரியாள் வலியில் கத்துகிறாள். முட்டி இரண்டும் அகன்று, சேலை தொடைக்கு மேல், வைக்கோலில் ரத்தம்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே டீச்சர், பிறக்கிற நேரம்னு."

"பிறந்தப்புறம் வரையக்கூடாதா?"

தயாளன் சிரித்தான். "அதுக்குத்தான் காலண்டர் கீதே, டீச்சர்."

கோபம் வந்தது. ஆனாலும் அரைமணி நேரம் அங்கேயே இருந்தேன். முப்பது வருஷம் சுகாதாரப் பாடம் நடத்தினேன். உதாரணத்துக்குப் பூசணி விதை, கோழிமுட்டை என்று கரும்பலகையில் வரைந்தேன். இதை வரைந்ததில்லை.

16-11, வியாழன்

சபைச் செயலாளர் அசரியா மண்டபத்தைப் பூட்டிவிட்டார். ஜெபசீலனின் அம்மா மெட்டில்டா வந்தார்; உட்காரவில்லை.

"அந்தப் பசங்க ஏமாத்திட்டாங்கன்னு கமிட்டிக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க டீச்சர். இல்லேன்னா மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லிடுவேன். நாங்க சபையில தலை காட்ட வேணாமா?"

ரெண்டு வரிதான். கிருபாவுக்கு இருபத்தொன்பது ஆயிடுச்சு. கர்த்தாவே, நான் என்ன பண்ணட்டும்? அவங்க ஏமாத்தலையே. பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தானே?

18-11, சனி

எழுதினேன்: 'பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை.' கிருபா வாசித்தாள். "கொண்டுபோய்க் குடும்மா" என்றாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

மண்டபத்திலிருந்து படத்தை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்களாம்; அவர்கள் ஷெட்டோ மழையில் ஒழுகுகிறதாம். படத்தை எங்கள் கூடத்தில் வைக்கச் சொன்னேன்.

19-11, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

2-12, சனி

மெட்டில்டா வந்தார். குடை சொட்டச் சொட்டப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஜெபசீலனைப் பெக்கறப்ப எனக்கு ரெண்டு நாள் வலி. கத்தாதேன்னு நர்ஸம்மா கன்னத்துல அறைஞ்சா."

காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணத்துக்கு ஜனம் வரும். அதுக்குள்ள இத மாடிக்கு ஏத்திடுங்க."

சரி என்று நான் சொல்லவில்லை.

"கிருபாவோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க. டெய்லர் கேட்டுக்கிட்டே இருக்கான்."

மடித்துக் கொடுத்தேன்.