ஞாயிற்றுக்கிழமை மீன்

அன்புள்ள மகளுக்கு,

பேரன் டிலக்சன் பாரிசில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டதையும், ஜெனிற்றா நீச்சலில் பதக்கம் வாங்கியதையும், சின்னவன் வகுப்பில் முதலாவதாக வந்ததையும் மெலிஞ்சிமுனை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய படமும் வந்தது. சின்னவன் தான் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறான். பின்பக்கத்தில் 'ஞாயிறு, கடற்கரை' என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை எங்கட கரையில் வள்ளம் இறங்காது. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் உன் அப்பா இறக்கவில்லை. கோயில் பூசையால் திரும்பி வந்து எங்களோடு வெறும் தேத்தண்ணி குடித்தார். நீயும்தான் குடித்தாய்.

போனில் கேட்டால், "கோடை முடியட்டும் அம்மா, செப்ரெம்பரில பூசைக்குப் போறம்" என்கிறாய். ஆண்டவருக்கும் செப்ரெம்பர் வரைக்கும் லீவு குடுத்திட்டியோ? வெயிலுக்குச் செபமாலை உருகிப் போகுமோ?

பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே இருக்கின்றன. இதை அங்கே வைக்க மனம் வரவில்லை. அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் புதுப் படம் கேட்பேன். இனிக் கேட்கமாட்டேன். வாற ஞாயிறு பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. சுவாமி பிரசங்கத்தில் என்ன சொன்னவர் என்று சின்னவன் எனக்குப் போனில் சொல்லட்டும்.

அம்மா